கப்பல் வீடா, வளைவு வீடா?

2016-இல் எங்கள் குடும்பத்தில் இரண்டு வீடுகள் எழத் தொடங்கின. கீழக்கரைப் பக்கம் என் மைத்துனர் கப்பல் வடிவில் கான்கிரீட் வீடு கட்டினார். முன்புறம் தூணே இல்லாமல் நீளும் மாடித் தளம்தான் அதன் மூக்கு. நான் உச்சிப்புளியில் ஒரு கம்பிகூடச் சேர்க்காமல், சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வளைவுக் கூரை போட்டேன். ஜன்னல் தலையிலும் வளைவுதான். ஊரார் என் வீட்டுக்கு வைத்த பெயர் 'ரொட்டி அடுப்பு'.

வேகத்தில் கான்கிரீட்டுக்கே வெற்றி. அவர் பத்து மாதத்தில் பால் காய்ச்சினார். எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. வளைவு பக்கவாட்டில் தள்ளும் என்பதால் ஒன்றரைச் செங்கல் தடிமனில் சுவர் வேண்டும். அறை அந்த அளவுக்குச் சுருங்கும். சித்திரை வெயிலில் குளுமை என் வீடுதான் என்று சொல்லவே தேவையில்லை.

எந்த வீடு மேல் என்ற என் கணக்கை முடித்து வைத்தது துருதான். உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் தொடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெம்பிக் காரையைப் பெயர்க்கும். ஏழாம் ஆண்டில் மைத்துனர் வீட்டு மூக்கின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன், உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு விழுந்தது. உள்ளே கம்பி மரப்பட்டை போல அடுக்கடுக்காக உரிந்தது. கொத்திச் சுரண்டி, துரு நீக்கி, பூசினார்கள். அடுத்த ஆண்டே கோடு பக்கத்தில் முளைத்தது.

கான்கிரீட் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கடலோரத்துக்கு எம்30 என்ற வலுத் தரக் கலவையும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும். அந்தச் சில்லின் தடிமன் இருபதைத் தாண்டவில்லை. கலவைக்கு ஊற்றியதும் உவர்க் கிணற்றுத் தண்ணீர். விதிப்படி கட்டியிருந்தால் இந்த அலசலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

என் வீட்டுக்கும் பராமரிப்பு உண்டு. சுவர் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு பொடியும். ஐப்பசி மழைக்கு முன் கூரை மேல் ஏறி, முடி இழை போன்ற வெடிப்புகளைக் கடுக்காய்த் தண்ணீர் கலந்த சாந்தால் அடைத்து, வெள்ளையடிக்கிறோம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நாள் வேலை. பூச்சு போனால் பூச்சோடு போகிறது. கூரையின் எலும்பைத் தொடுவதில்லை.

புயல் பற்றி மட்டும் வாய் திறக்கத் தயக்கமாக இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கே பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன; கூரை இல்லை. என் வளைவு அப்படியொரு காற்றை இன்னும் பார்க்கவில்லை. (பவளக்கல்லை இன்று யாரும் நினைக்க வேண்டாம், தொட்டாலே வழக்கு.) இப்படிப்பட்ட வீட்டை விற்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் கடனுக்கு மதிப்பிட வந்த பொறியாளர், "பில்லர் எங்கே சார்?" என்று வீட்டை இரண்டு சுற்று சுற்றினார்.

கம்பி போட்ட கான்கிரீட் வீடு கட்டலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: இந்தக் கடற்கரையில் வேண்டாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மைத்துனர் வீட்டு மூக்கில் நின்றால் பனை உச்சிகளுக்கு மேல் மன்னார் வளைகுடா தெரியும். என் வீட்டிலிருந்து தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மாலைத் தேநீருக்கு அங்கேதான் போகிறேன். இப்போது இருவரும் கொஞ்சம் சுவரோரமாகவே உட்காருகிறோம்.