நேரலை ஒலி ஏன் அறுகிறது: ஐஸ்காஸ்டோடு நீண்ட காலப் பழக்கத்தில் கண்டவை

நேரலை ஒலிபரப்பு விட்டுவிட்டுக் கேட்டால் பலருக்கும் முதலில் கை போவது பிட்ரேட்டின், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவு அளவின் மேல்தான். 128-ஐ 64 ஆக்குவார்கள், அப்போதும் அறும். பட் (BUTT) என்ற மென்பொருளை என்கோடராகவும் (ஒலியைச் சுருக்கி அனுப்புவது) ஐஸ்காஸ்டை சர்வராகவும் (அதை வாங்கிக் கேட்பவர்களுக்குக் கொடுப்பது) வைத்துப் பல ஆண்டுகளாக ஒலிபரப்பி வருகிறேன். பிட்ரேட்டைக் குறைத்துத் தீர்ந்த கோளாறு மிகச் சொற்பம். 128 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு வெறும் 16 கிலோபைட். சுமாரான இணைப்புகூட அதைத் தாங்கிவிடும். நடுநடுவே சில நொடிகள் எதுவுமே போகாமல் நிற்கிறதே, ஆளைக் கொல்வது அதுதான்.

எங்கே அறுகிறது என்று தெரியாமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். பட்டிலேயே ரெக்கார்டிங் வசதி உண்டு, அதை ஓடவிடுங்கள். ஐஸ்காஸ்டில் மவுண்ட் (ஒரு ஒலிபரப்புக்கான முகவரி) அமைப்புக்குள் டம்ப்-ஃபைல் கொடுத்தால் சர்வருக்கு வந்து சேர்ந்தது அப்படியே பதிவாகும். இரண்டையும் ஒத்துப் பாருங்கள். என்கோடர் பக்கத்துப் பதிவிலேயே ஒலி விழுந்திருந்தால் நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை. யூஎஸ்பி சவுண்ட் கார்டு, அது மாட்டியிருக்கும் ஹப், கணினியின் மின்சேமிப்பு இவற்றைப் பாருங்கள். இரண்டு பதிவும் சுத்தமாக இருந்து கேட்பவர் மட்டும் புகார் சொன்னால் கோளாறு சர்வருக்கு அந்தப் பக்கம். முதல் பதிவு சரியாக இருந்து டம்ப்-ஃபைல் துண்டாகியிருந்தால் நடுவில் உள்ள இணைப்புதான் காரணம். எனக்கு வந்ததில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகை.

இந்த வகையில் ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. இணைப்பு ஏழு நொடி போய்த் திரும்பியிருக்கும். சர்வரோ என்கோடரையே கழற்றி விட்டிருக்கும். என்கோடரிடமிருந்து எதுவும் வராதபோது ஐஸ்காஸ்ட் காத்திருக்கும் நேரமான சோர்ஸ்-டைம்அவுட் இயல்பாக 10 நொடி. அப்படியானால் ஏழு நொடிக்கு ஏன் அறவேண்டும்? காரணம் டிசிபி, அதாவது தரவைப் பாக்கெட் எனும் துண்டுகளாக அனுப்பும் இணைய நெறிமுறை. பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி அனுப்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். லினக்ஸில் 0.2 நொடி அளவில் தொடங்கினால், அடுத்தடுத்த முயற்சிகள் 0.6, 1.4, 3, 6.2, 12.6 நொடிகளில் விழும். ஏழாவது நொடியில் இணைப்பு வந்துவிட்டாலும் டிசிபி 12.6 வரை வாய் திறக்காது. அதற்குள் பத்து நொடி கடந்து சர்வர் கதவைச் சாத்திவிடும்.

அதனால் நான் சோர்ஸ்-டைம்அவுட்டை 20 ஆக வைத்திருக்கிறேன். இன்னும் ஏற்றுவது நல்லதில்லை. ரவுட்டர் புது ஐபி வாங்கித் திரும்பினால் பழைய இணைப்பு செத்தது சர்வருக்குத் தெரியாது. டைம்அவுட் முடியும்வரை அந்த மவுண்டைப் பிடித்து வைத்திருக்கும். என்கோடர் மறுபடி வந்து தட்டினால் மவுண்ட் பயன்பாட்டில் இருக்கிறது என்று 403 காட்டித் திருப்பி அனுப்பும். நாலு தடவை தட்டிவிட்டு ஓய்ந்துவிடும் என்கோடர் இங்கே மாட்டிக்கொள்ளும். மறுஇணைப்பு முயற்சிக்கு வரம்பே இல்லாமல் வையுங்கள்.

அந்த இடைவெளியில் கேட்பவர்களை இழக்காமல் இருக்க ஃபால்பேக்-மவுண்ட் (நேரலை அறும்போது கேட்பவர்கள் மாறிப்போகும் மாற்று ஒலி) கட்டாயம் வேண்டும். ஃபால்பேக்-ஓவர்ரைடையும் இயக்கினால், நேரலை திரும்பியதும் அவர்கள் தானாகவே அதற்கு வந்துவிடுவார்கள். மாற்று ஒலி அதே கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை), அதே சாம்பிள்ரேட், அதே சேனல் எண்ணிக்கையில் இருக்கட்டும். 44,100-லிருந்து 48,000-க்குத் தாவினால் சில பிளேயர்கள் அங்கேயே நின்றுவிடும்.

வை-ஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள். அதே இணைப்பில் கிளவுட் பேக்கப் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அப்லோடு நிரம்பினால் ரவுட்டர் வரிசையில் எல்லாம் தேங்கி, பிங் (பாக்கெட் போய்வரும் நேரம்) சில மில்லிநொடியிலிருந்து ஒரு நொடிக்கும் மேல் போய்விடும். ரவுட்டரில் எஸ்கியூஎம் (வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் இயக்குங்கள்.

இருபத்துநாலு மணி நேரமும் ஒலிபரப்புபவர்களுக்கு இன்னொன்று. சவுண்ட் கார்டின் கடிகாரம் பத்து லட்சத்தில் நூறு பங்கு மெதுவாக ஓடினாலும் கேட்பவரின் பிளேயர் ஓடும் வேகத்துக்கு மணிக்கு 0.36 நொடி ஒலி குறையும். ஐஸ்காஸ்ட் தொடக்கத்தில் ஒரேயடியாகக் கொடுக்கும் 64 கிலோபைட், 128 கேபிபிஎஸ்ஸில் நாலு நொடிக் கையிருப்பு. அது சுமார் பதினோரு மணி நேரத்தில் கரைந்து, நாள் முழுக்கக் கேட்பவருக்கு மட்டும் ஒரு தடங்கல் வரும். சர்வரின் லாக் பதிவில் எந்தத் தடயமும் இருக்காது.

செல்பேசி இணைப்பில் வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்ப இப்போது எஸ்ஆர்டி (SRT) என்ற நெறிமுறையைத்தான் பயன்படுத்துகிறேன். 2017-ல் திறந்த மூலமாக வெளியான இது டிசிபி போலத் தானாக மறுபடி அனுப்பாத யூடிபி மேல் ஓடுகிறது. தொலைந்த பாக்கெட்டை நேர வரம்புக்குள் மட்டும் திருப்பிக் கேட்கும். இயல்பான 120 மில்லிநொடி லேட்டன்சி (அந்த நேர வரம்பு) செல்பேசிக்குப் போதாது, நான் 2,000 வைக்கிறேன். சர்வரில் லிக்விட்சோப் என்ற மென்பொருள் அதை வாங்கி, அதே கணினியில் உள்ள ஐஸ்காஸ்டுக்குக் கொடுக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் சிக்னல் போனால் எஸ்ஆர்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்துக்கு லிக்விட்சோப்பில் ஒரு மாற்று ஒலியைத் தயாராக வைத்திருக்கிறேன்.