ஸ்பெயின் விசாவுக்குக் காசு காட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

லண்டனில் இருந்து ஸ்பெயினுக்குப் போய்க் குடியிருக்க யோசிக்கிற நம்மாட்கள், யாரிடமும் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும் 2021 முதல் நாங்கள் அங்கே வெளியாட்கள்தான், 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க விசா வேண்டும். பென்ஷன்காரர், வீட்டு வாடகையில் வாழ்பவர் மாதிரி வேலை செய்யாமல் இருக்கப் போகிறவர்களுக்கென்று ஒரு விசா இருக்கிறது. அதற்கான வருமானத்தை ஐப்ரெம் என்கிற அரசாங்கத் தொகையை வைத்துப் பார்க்கிறார்கள். 2023 முதல் அது மாதம் 600 யூரோ. அதன் நாலு மடங்கு, அதாவது மாதம் 2,400, வருடத்துக்கு 28,800 காட்ட வேண்டும். கூட வரும் ஒவ்வொருவருக்கும் இன்னும் 7,200. நானும் மனைவியும் என்றால் 36,000.

நாங்கள் போன ஏஜென்சிக்காரர் 2022இல் இருந்த 579 யூரோவை வைத்து, அதுவும் ஒரு ஆளுக்கு மட்டும் கணக்குப் போட்டு, "அண்ணை, உங்கட பென்ஷனும் வாடகையும் தாராளமாய்க் காணும்" என்றார். முழுக்காசையும் வாங்கிய பிறகுதான், விண்ணப்பம் கொடுக்கிற நேரம் பார்த்து, "கொஞ்சம் இடிக்குது, மிச்சத்தை நாங்கள் உங்கட எக்கவுண்டில போட்டு விடுறம், அலுவல் முடிய வட்டியோட திருப்பித் தாங்கோ" என்று வந்தார். உண்மையில் இதுதான் அவருடைய வியாபாரம், விசா எல்லாம் சும்மா பெயருக்கு. மாதக்கணக்கான பேங்க் ஸ்டேட்மென்டில் திடீரென்று வந்து குந்தியிருக்கும் பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லப் போவது அவரா, நாங்களா? முடியாது என்று சொல்லி எங்கள் சொந்தச் சேமிப்பைக் காட்டினோம், அது செல்லும்.

அப்படியும் எங்களுக்கு விசாவை மறுத்துவிட்டார்கள். காரணம் அவர் தலையில் கட்டிய இன்சூரன்ஸ். ஸ்பெயினில் இயங்க அனுமதியுள்ள நிறுவனத்தின் பாலிசியாக இருக்க வேண்டும், டாக்டரிடம் போகும்போது நாம் கையில் இருந்து ஒரு பங்கு கட்டுகிற மாதிரி இருக்கவே கூடாது. இவர் விற்றது அந்தப் பங்கு கட்டுகிற மலிவுப் பாலிசி, கமிஷன் நல்லாக் கிடைத்திருக்கும். போய்க் கேட்டால், ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாமாம், அதற்குத் தனிக் காசாம்!

இன்னொன்று. மனைவி வீட்டில் இருந்தே லாப்டாப்பில் கொஞ்சம் வேலை செய்வார், அதைப்பற்றி மூச்சே விடாதேங்கோ என்றார் அந்த ஏஜென்சிக்காரர். அந்த விசாவில் அப்படி வேலை செய்ய முடியாது, அதற்கென்று 2023இல் இருந்து வேறு விசா இருக்கிறது என்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது பிரிட்டன் குடிவரவு பற்றி ஆலோசனை சொல்ல இங்கே கொடுக்கும் பதிவு, ஸ்பெயின் சட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்குள்ள சட்டத்தரணி என்றால் அவர்களுடைய சங்கத்தில் பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்கி இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

காசு இன்னும் திரும்பி வரவில்லை. ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் 10,000 பவுண்டுக்கு உட்பட்டது என்றால் சட்டத்தரணி இல்லாமலே சிறுதொகை வழக்குப் போடலாம், அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். அதே ஆளிடம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள்.