கையைப் பைக்குள் விட்ட கப்பல்காரன்

போன மே மாதம் மகளைப் பார்க்க மேரிலாந்து போயிருந்தபோது வாஷிங்டனில் இருக்கிற அமெரிக்கக் கடற்படை நினைவிடத்தைப் பார்த்தோம். மகள் வெள்ளை மாளிகைக்குத்தான் கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷம் சரக்குக் கப்பலுக்குப் போனவர். எங்களுக்கு ஊர் திருநெல்வேலிக் கடற்கரையில் இருக்கிற உவரி. மாதாவுக்குக் கப்பல் வடிவத்திலேயே கோயில் கட்டிய ஊர்க்காரர்கள், இந்த மாதிரி இடத்தைக் கொஞ்சம் கறாராகத்தான் பார்ப்போம்.

கப்பலைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், அங்கே கப்பல் இல்லை. பென்சில்வேனியா அவென்யூவில் வட்டமாக ஒரு முற்றம், 1987இல் திறந்தது. கட்டணம் கிடையாது. மெட்ரோ நிலையத்தின் பெயரிலேயே நினைவிடத்தின் பெயரும் இருப்பதால் தேடவும் வேண்டாம். தரையில் 100 அடி அகலத்துக்குக் கருங்கல்லில் உலகப்படம். எல்லாரும் அதன்மேல்தான் நடக்கிறார்கள். இவர் அட்லாண்டிக்கை அரை நிமிஷத்தில் தாண்டிவிட்டு, "கப்பல்ல இதுக்குப் பத்து நாள் ஆவும்" என்றார். சுற்றிலும் நீரூற்று. வருஷத்துக்கு ஒருமுறை ஏழு கடல் தண்ணீரையும் கொண்டுவந்து அதில் ஊற்றுவார்களாம். நம் ஊரில் பங்குச் சாமியார் வந்து மீன்பிடி வள்ளத்தை மந்திரிக்கிற மாதிரிதான்.

இந்த இடத்தின் உயிர் அந்தச் சிலைதான். 'லோன் செயிலர்', அதாவது தனியாக நிற்கிற மாலுமி என்கிறார்கள். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். காலர் தூக்கியிருக்கிறது, கை இரண்டும் சட்டைப் பைக்குள், பக்கத்தில் ஒரு மூட்டை. கையில் துப்பாக்கி இல்லை, சல்யூட்டும் இல்லை. பழைய போர்க்கப்பல்கள் எட்டின் உலோகத் துண்டுகளை வெண்கலத்தோடு உருக்கி வார்த்தது என்று மகள் வாசித்துச் சொன்னாள். இவர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏட்டி, இவன் கப்பலுக்குப் போறானா, வீட்டுக்கு வாரானா?"

போகிறவன்தான் என்றேன். வருகிறவனுக்குக் கையைப் பைக்குள் விட ஏது நேரம்? இவர் சைன் ஆஃப் ஆகி, அதாவது கப்பல் வேலைக்காலம் முடிந்து வரும்போதெல்லாம் இரண்டு கையிலும் சாமான், கழுத்தில் வேறு ஒரு டேப்ரெக்கார்டர்.

கடற்படைக்கு மட்டும்தான் என்று நினைத்தோம். அந்நாட்டுச் சரக்குக் கப்பல்காரர்களுக்கும் சேர்த்துத்தானாம். அதைக் கேட்டபிறகு இவர் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் நின்றார்.

எனக்கு ஒரு குறை. கடலுக்குப் போனவன் திரும்பி வந்து மனைவி, பிள்ளையைக் கட்டிக்கொள்கிற சிலை ஒன்றும் இருக்கிறது. அதைக் கட்டடத்துக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள். உள்ளே போகாமல் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பதினோரு மாதம், லெட்டர் வந்தால்தான் உயிரோடு இருக்கிறார் என்று நிச்சயம். அப்படிக் காத்துக் கிடந்தவர்களையும் வெயிலில், அவன் பக்கத்திலேயே நிற்க வைத்திருக்கலாம். ஐந்தில் ஒரு ஸ்டாரை இதற்காகத்தான் குறைக்கிறேன். போனால் கண்டிப்பாக உள்ளே போய்ப் பாருங்கள்.

சிலைக்குப் பக்கத்தில் இவரும் அதே மாதிரி கையைப் பைக்குள் விட்டு எடுத்த படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டு மதினி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணன் பக்கத்துல நிக்கது எந்தப் புனிதர்?" என்று கேட்டாள்.