பால் போத்தல்: பிளாஸ்டிக்கா, கண்ணாடியா, சில்வரா?

தங்கச்சிக்குப் பிரசவ லீவு முடியப்போகிறது. கல்லடியில் அம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். மூன்று மாதப் பிள்ளை. மேசையில் இப்போது நான்கு போத்தல்கள் நிற்கின்றன.

முதலாவது, சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த பழையது. பளிங்கு மாதிரித் தெளிவு, நல்ல கடினம். அடியில் முக்கோணத்துக்குள் 7. அந்த எண்ணுக்கு 'மற்றவை' என்றுதான் பொருள். ஆனால் பொலிகாபனேற்று என்ற கடினமான பிளாஸ்டிக்கும் அதற்குள்தான் வரும். அதிலிருந்து கசியும் பிபிஏ (பிஸ்பெனோல் ஏ) என்ற இரசாயனம், உடம்புக்குள் ஈஸ்திரோஜன் ஓமோன் மாதிரி வேலை காட்டக்கூடியது. போத்தல் பழசாகிக் கீறல் விழ விழ, சூடு பட்டால் கசிவு கூடும். நாமோ தினமும் அவிக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் பால் போத்தலில் பிபிஏவைத் தடுத்துவிட்டன. இந்தப் போத்தல் வேண்டாம் என்று ஒதுக்கியாயிற்று.

பச்சைப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு யோசனை? ஆண் பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்களில் டெஸ்டோஸ்டெரோன் ஒருமுறை நன்றாக ஏறி இறங்கும். 'குட்டிப் பருவமடைதல்' என்றே சொல்லலாம். பெண் பிள்ளைகளுக்கும் ஓமோன்கள் இந்தக் காலத்தில் ஏறும். இந்த நேரத்தில் வெளியிலிருந்து ஓமோன் வேஷம் போட்டு ஒன்று வருவதைத்தான் ஆய்வாளர்கள் கவலையோடு பார்க்கிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் போத்தல் தலையில் கட்டவும் கூடாது. பிறந்த கையோடு பிள்ளையின் மார்பு வீங்கியிருந்ததைப் பார்த்து அம்மா பதறினார். அது தாயின் ஓமோன், தானாக வற்றிவிடும். பிதுக்கக் கூடாது.

இரண்டாவது, மங்கலான பிளாஸ்டிக், அடியில் 5, பொலிபுரொப்பிலீன். 'பிபிஏ இல்லை' என்று ஸ்டிக்கர். இந்த வகைக்கு பிபிஏ தேவையே இல்லை. தேங்காய்ப்பாலில் மீன் இல்லை என்று எழுதுவது போலத்தான். இதன் சிக்கல் வேறு. 70 பாகை நீரில் பால்மா கரைத்துக் குலுக்கினால், லீற்றருக்கு 1 கோடி 60 இலட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிரலாம் என்று டப்ளின் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். சரி, வழி இருக்கிறது: சில்வர் பாத்திரத்தில் கரைத்து, ஆறவிட்டுப் பிறகு ஊற்றலாம்.

மூன்றாவது கண்ணாடி. எதுவும் கசியாது, அவிக்கலாம், உள்ளே எவ்வளவு பால் என்று தெரியும். ஆனால் பாரம். அம்மாவின் கை நடுக்கமும் எங்கள் சீமெந்துத் தரையும் சேர்ந்தால் ஒரே அடியில் சில்லாகும்.

சில்வர் போத்தல் உடையாது, ஆனால் பிள்ளை எவ்வளவு குடித்தது என்று பார்க்க முடியாது, விலையும் கூட.

சூப்பி எதற்கும் சிலிக்கோன்தான், அதில் போட்டியில்லை.

குடும்பநல மாது வந்தபோது நான்கையும் காட்டினோம். சிரித்துவிட்டு, தங்கச்சி பால் எடுத்து வைக்கட்டும், சின்னக் கோப்பையால் பருக்கலாம், கழுவுவதும் சுகம் என்றார். இப்போது பகலில் கோப்பை. இரவுப் பயணத்துக்குச் சில்வர். கண்ணாடிப் போத்தலை அம்மா அலுமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.