450 வாட் என்று எழுதியிருந்தது, எடை 780 கிராம்

போன வாரம் எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிற ஒருத்தர் போனை நீட்டினார். "பையன் கேமிங் கம்ப்யூட்டர் வேணுங்கறான். கோயமுத்தூர்ல ஒரு கடையில இந்த ரேட் போட்டுக் குடுத்திருக்காங்க. சரிதானுங்களா, பாத்துச் சொல்லுங்க." வாட்ஸாப்பில் ஒரு கொட்டேஷன். பிராசசர் பெயர் முழுசாக இருந்தது. மதர்போர்டு மாடலும் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: "கேமிங் எஸ்எம்பிஎஸ் 500 வாட்". எஸ்எம்பிஎஸ் என்றால் வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டி. அதற்குக் கம்பெனி பெயரும் இல்லை, மாடலும் இல்லை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே அச்சில் வார்த்த ஒரு சீட்டை நம்பி 2024 ஓணத்தின்போது நான் 42,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். தினமும் காலையில் பாலில் எத்தனை சொட்டுத் தண்ணீர் என்று மெஷினை வைத்துப் பிடிக்கிற வேலை என்னுடையது. என்னையே ஒரு கடைக்காரன் ஏய்த்துவிட்டான் என்று ஊரில் எப்படிச் சொல்வது?

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ். அக்கா பையன் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், ஓணம் போனஸ் வந்ததும் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பாலக்காட்டில் கடை இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு மலையாளத்தில் பேரம் பேச வராது. எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூர் போய்விட்டால் நம்ம பாஷை, நம்ம ஆளுங்க, ஏமாற மாட்டோம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்குக் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு கடையை ஒதுக்கினால் போதும் என்கிற விஷயமும் இல்லை இது.

கடைக்காரப் பையன் தங்கமாகப் பேசினான். "ங்ணா, நீங்க கவலையே படாதீங்க. தம்பிக்கு வேலரண்ட் பறக்கும், ஜிடிஏவும் ஓடும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினான்: ஐ3-12100எஃப் பிராசசர், எச்610 போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ (சேமித்து வைக்கிற டிஸ்க்), ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு 11,500 ரூபாய், கேமிங் எஸ்எம்பிஎஸ் 450 வாட் 1,800 ரூபாய், கண்ணாடி வைத்த கேபினட். மொத்தம் 42,000. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சண்ட் மேல வரும்ங்ணா. எதுக்கு வீணா?" மனக்கணக்குப் போட்டேன். 7,560 ரூபாய் மிச்சம். சரி என்று தலையாட்டினேன். இதில் என் பங்குத் தப்பு இருக்கிறது, மறைக்க மாட்டேன். கையில் கிடைத்தது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட மஞ்சள் சீட்டு. கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது".

முதல் நாலு நாள் பையன் சோறு தண்ணி இல்லாமல் விளையாடினான். வேலரண்ட் ஓடியது. அது கார்டைப் பெரிதாகக் கஷ்டப்படுத்தாத விளையாட்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஐந்தாம் நாள் ஜிடிஏ போட்டான். பத்தாவது நிமிஷம் திரை கறுத்து, டக்கென்று அணைந்து, தானே திரும்ப எழுந்தது. மறுபடி போட்டால் மறுபடி அதே கதை. கடைக்குப் போன் செய்தேன்.

"கேரளா கரண்ட் அப்படித்தான்ங்ணா. வோல்டேஜ் ஏறி எறங்கும். ஒரு யுபிஎஸ் போட்டுருங்க."

3,200 ரூபாய்க்கு யுபிஎஸ் வாங்கினேன். அவன் கடையிலேயேதான். அதற்கப்புறமும் அணைந்தது. ஒரே வித்தியாசம், இப்போது அணையும்போது யுபிஎஸ் கீச்சென்று கத்தவும் செய்தது.

மூன்றாவது வாரம் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "என்னமோ தீயற நாத்தம் வருதுடா." அடுப்பில் ஒன்றும் இல்லை. கேபினட்டுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

சித்தூரில் (ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) சர்வீஸ் பார்க்கிற ஒரு சேட்டன் இருக்கிறார். பாதி மலையாளம் பாதி தமிழ். பெட்டியைத் திறந்து ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தார். கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற எட்டுப் பின் சொருகியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு ஓரம் கருப்பட்டி நிறத்துக்குப் போயிருந்தது. மஞ்சள் ஒயரின் தோல் நகம் பட்டால் குழிகிற அளவுக்கு இளகியிருந்தது.

அந்த எட்டுப் பின் சொருகி 150 வாட் வரை கொண்டுபோகிற வழி. அதற்கு 12 வோல்ட் ஒயர் மூன்று தனியாக வரவேண்டும். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தச் சொருகியே கிடையாது. பழைய காலத்து டிஸ்க்குகளுக்குக் கரண்ட் கொடுக்கிற மோலெக்ஸ் வாய் இரண்டை ஒரு அடாப்டரில் கோத்து எட்டுப் பின் ஆக்கியிருந்தார்கள். அந்த இரண்டு வாயும் ஒரே ஒயரில் முன்னும் பின்னுமாகத் தொங்குபவை. ஒற்றையடிப் பாதையில் லாரி விட்ட கதை.

பிறகு எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி லேபிளைக் காட்டினார். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே எறும்பு எழுத்தில் ஒரு கட்டம்: +12 வோல்ட், 14 ஆம்பியர். "பெருக்கிப் பாருங்க" என்றார். பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168. பிராசசரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். கார்டு மட்டுமே 150 வாட் கேட்கும். ஐ3-12100எஃப்புக்கு இன்டெல் போட்டிருக்கிற கணக்கு சாதாரணமாக 58 வாட், முழு வேகத்தில் 89 வரை. இரண்டையும் கூட்டினால் 168 எந்த மூலைக்கு? வீட்டு வோல்டேஜுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒழுங்கான 450 வாட் சப்ளையில் அதே கட்டத்தில் 35 ஆம்பியருக்குப் பக்கமாக இருக்கும். வாங்கப் போகிறவர்கள் லேபிளில் அந்த ஒரு கட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் அதுவே பதில். 80 பிளஸ் (கரண்டை அதிகம் வீணாக்காத சப்ளைக்குத் தருகிற சான்று) ஸ்டிக்கரை மட்டும் நம்பவேண்டாம், ஸ்டிக்கர் அச்சடிக்க எத்தனை காசு ஆகிவிடும்? சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, மாடல் நம்பரைத் தேடினால் தெரியும்.

எனக்கு விளையாட்டாகத் தோன்றியது. எஸ்எம்பிஎஸ்ஸை மேஜைத் தராசில் வைத்தேன். 780 கிராம். பக்கத்தில் சேட்டனிடமிருந்த, 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம்) சான்று பெற்ற ஒன்றை வைத்தால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல். காயிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் செம்பு, ஹீட்சிங்கில் அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் டப்பாவில் காற்றுதான் இருந்தது.

அடுத்து கார்டு. "புதுசா வாங்கியதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. திருகுகளின் தலை தேய்ந்து பளபளத்தது, ஏற்கெனவே கழற்றி மாட்டியது. ஃபேனின் அடிப்பக்கம் விரலால் தொட்டால் பிசுபிசு. மெமரி சிப்புகளின் மேலே ஒட்டுகிற பேட், மாசக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் எண்ணெய் கசியுமாம். இது மைனிங்கில், அதாவது கணக்குப் போட்டுக் கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கிற வேலையில், ராப்பகலாக ஓடிய கார்டு. எத்தீரியம் என்கிற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று முறையை மாற்றி, கிராபிக்ஸ் கார்டை வைத்துக் காசு பண்ணுவதற்கு முடிவு கட்டியது. அதுவரை ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்து, துடைத்து, புது அட்டைப்பெட்டி போட்டு விற்பனையாகின. எங்கள் திருவோணம் 2024 செப்டம்பர் 15. நாள் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

இதோடு முடியவில்லை. ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள். பாலுக்கு மில்க் அனலைசர் மாதிரி, கார்டுக்கு இது. அதில் ஷேடர்ஸ் (கார்டுக்குள் கணக்குப் போடுகிற குட்டி அலகுகள்) என்ற வரியில் 2048 என்று காட்டியது. 2017இல் வந்த அசல் ஆர்எக்ஸ் 580க்கு 2304 இருக்கவேண்டும். 2048 இருப்பது ஆர்எக்ஸ் 570. சீனச் சந்தைக்காக 2018இல் 570ன் சரக்கையே "580 2048எஸ்பி" என்ற பெயரில் விட்டார்கள். அந்த வால் பெயரை வெட்டிவிட்டுத்தான் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். மறுநாள் போனில் கேட்டபோது, "அதுவும் 580தானுங்ணா, பெட்டி மேல பாருங்க, போட்டிருக்கும்" என்றான்.

பெட்டி மேல் போட்டிருந்தது. அதுதானே கொடுமை.

இன்னும் மோசமான ரகமும் இருக்கிறது. என்விடியாவின் 1050 டிஐ என்று காட்டும்படி பயாஸை (கார்டுக்குள் இருக்கிற அடிப்படை மென்பொருளை) மாற்றிய, 2010-11 காலத்துக் கார்டுகள். பின்னால் பழைய மானிட்டர் சொருகுகிற நீல நிற விஜிஏ வாய் இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடுங்கள். 1050 டிஐயின் பாஸ்கல் சிப்புக்கு விஜிஏ சிக்னல் கொடுக்கவே தெரியாது. ஜிபியு-இசட் இந்த மாதிரிப் போலிகளைப் பெயர் சொல்லியே காட்டிக்கொடுக்கும்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பிராசசர், போர்டு, என்விஎம்இ மூன்றும் சுத்தமான சரக்கு. அந்த மூன்றும் சீட்டில் எழுதியிருந்தபடியே வந்திருந்தன. ரேம் மட்டும் எட்டு எட்டாக இரண்டு என்று வாயால் சொல்லிவிட்டு, பதினாறாக ஒன்றே ஒன்று மாட்டியிருந்தான். இரண்டாகப் போட்டால்தான் இரண்டு சேனலிலும் (டேட்டா போகிற இரண்டு வழியிலும்) ஓடும். சீட்டில் "16 ஜிபி" என்று மட்டும் இருந்ததால் சண்டை போட முடியவில்லை. பையன்கள் யூடியூப் பார்த்துப் பிராசசர் பெயரை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், அங்கே கை வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று கடைக்காரனுக்குத் தெரியும். எஸ்எம்பிஎஸ் பெயரை எந்தப் பையனும் கேட்பதில்லை. எழுதாமல் விட்ட வரியில்தான் கை வைக்கிறார்கள்.

கார்டைக் கழற்றியதும் இன்னொரு குட்டு உடைந்தது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகினால் திரை வரவே இல்லை. 12100எஃப்பில் இருக்கிற அந்த "எஃப்" என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தமாம். "மாமா, எனக்குத் தெரியும், கார்டு இருக்கேன்னு சொல்லல" என்றான் பையன். என்னைக் கேட்டால், கையில் காசு குறைவாகத்தான் இருக்கிறது என்றால், ரைசன் 5 5600ஜி மாதிரி கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசசரும் எட்டு எட்டாக இரண்டு ரேமும் ஒழுங்கான எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். வேலரண்ட் தாராளமாக ஓடும். கார்டை ஆறு மாசம் கழித்து வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடித்துக் கார்டில் போடுவது, மாட்டுக்குத் தீவனத்தைக் குறைத்துப் பெரிய பால்குடம் வாங்குகிற கணக்கு.

கடைக்கு நேரில் போனேன். "பில் இல்லையேங்ணா, நம்ம கடையில வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்றான் அதே தங்கப் பையன். முதலாளி காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பி 1915க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். வாட்ஸாப் கொட்டேஷன், ஜிபே ரசீது, கருகிய சொருகியின் போட்டோ, ஜிபியு-இசட் படம் எல்லாம் ஏற்றிப் புகார் பதிவு செய்தேன். அப்போதுதான் 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். பில் கொடுக்காமல் இருப்பதே அதில் முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக் காசு தர மறுப்பதும் அப்படியே. எல்லையில் இருக்கிற நமக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு. கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது கோயம்புத்தூர்க் கடைக்காரர் பாலக்காட்டுக்கு வரவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும்.

இதையெல்லாம் அப்படியே வாட்ஸாப்பில் முதலாளிக்குத் தட்டிவிட்டேன். காது கேட்டுவிட்டது. நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். "சார், எதுக்கு சார் கேஸ் கீஸுன்னு. கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கொண்டாங்க, எட்டாயிரம் தர்றேன்." அந்த இரண்டுக்கும் நான் கொடுத்தது 13,300. வழக்குப் போட்டிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கும் என்று சேட்டன் இன்றைக்கும் திட்டுகிறார். எனக்குக் காலையும் சாயங்காலமும் பால் அளக்கவேண்டும், பாலக்காட்டுக்கு நடக்க நேரம் இல்லை. எட்டாயிரத்தை வாங்கிக்கொண்டு புகாரை முடித்தேன். கருகிய அடாப்டரை மட்டும் கொடுக்கவில்லை.

புது எஸ்எம்பிஎஸ், ப்ரான்ஸ் சான்று பெற்றது, பில்லோடு 3,900 ரூபாய். பிறகு விஷுவுக்கு வந்த கைநீட்டக் காசும் அக்கா சேர்த்து வைத்திருந்ததும் நான் போட்டதுமாக ஆர்எக்ஸ் 6600 ஒன்று, அதுவும் பில்லோடு. 132 வாட்தான் கேட்கிறது. ஜிடிஏ நாலு மணி நேரம் ஓடினாலும் அணைவதில்லை. அது அக்காவுக்கு இப்போது வேறு கவலை.

பால் ஊற்றுகிறவரின் கொட்டேஷனில் அந்த ஒரு வரியை வட்டம் போட்டு, "மாடல் என்ன, 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், பில் உண்டா" என்று அவர் போனிலிருந்தே கேட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. இதை எழுதுகிற வரைக்கும் பதில் வரவில்லை.

அந்த 3,200 ரூபாய் யுபிஎஸ் சொசைட்டியில் பால் சோதிக்கிற மெஷினுக்குக் கீழே இருக்கிறது. கரண்ட் போனால் இருபது நிமிஷம் தாங்குகிறது.