தேயிலைக் கடையின் இணைய விற்பனைக்கு வூகொமர்ஸ் – ஹப்ஸ்பொட் இணைப்பு: ஒரு மதிப்பீடு

ஹட்டனில் உள்ள எமது தேயிலைக் கடையின் இணைய விற்பனை வூகொமர்ஸ் என்னும் இணையக் கடை மென்பொருளில் நடைபெறுகிறது. அங்கு பதிவாகும் ஓடர்களை ஹப்ஸ்பொட் வாடிக்கையாளர் பதிவேட்டுக்குத் தானாகவே கொண்டுசேர்க்கும் செருகுநிரலை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருளை) மலையகத்தின் சிறு வணிகர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். எனினும், தொலைபேசியில் ஓடர் தருபவர்களுக்கான ஏற்பாட்டை முதலிலேயே செய்துகொண்டுதான் இணைக்கவேண்டும்.

நிறுவுவது எளிது. ஒருவர் இதுவரை வாங்கியவை அனைத்தும், பணம் செலுத்தாமல் கூடையில் விட்டுச் சென்றவை உட்பட, அவருடைய பெயரின்கீழ் ஒரே பக்கத்தில் தெரிவது பெரும் உதவி.

கவனம் தேவைப்படும் இடம் வேறு. இம்முறைமை ஒருவரை மற்றவரிடமிருந்து மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே பிரித்தறிகிறது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வாங்குபவருக்கு அது போதும். ஆனால் தொலைபேசியில் அழைத்து, பொதி கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் பதுளை, மாத்தளைக் கடைக்காரர்கள் மின்னஞ்சல் தருவதில்லை. ஓடர் எழுதுபவர் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக எமது கடையின் முகவரியையே இட்டால், அத்தனை பேரும் ஒரே ஆளாகப் பதிவாகி, ஒருவரின் டஸ்ட் தேயிலையும் இன்னொருவரின் பி.ஓ.பி. வகைத் தேயிலையும் ஒரே கணக்கில் கலந்துவிடும். பிறகு யார் வாங்குவதை நிறுத்தினார் என்பதைக் கண்டறியவே முடியாது. ஆகவே, ஒவ்வொருவருக்கும் அவரது தொலைபேசி இலக்கத்தைக் கொண்ட முகவரி ஒன்றை எமது சொந்த இணையப் பெயரின்கீழ் அமைத்து, விளம்பர மடல் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கினோம். அந்த இலக்கமும் ஒரே வடிவில் இருக்கவேண்டும்: 077 என்று ஓரிடத்திலும் 9477 என்று வேறிடத்திலும் எழுதினால் ஒருவரே இருவராகிவிடுவார்.

ஓடர் படிவத்தில் முதற் பெயர், குடும்பப் பெயர் என உள்ள கட்டங்களையும் மாற்றுவது நல்லது. எம்மவர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னால் நிற்கும். அதை முதற் கட்டத்தில் எழுதியவருக்குச் செல்லும் நன்றி மடல் அவருடைய தந்தையை விளித்துச் செல்லும் என்பதால், ‘உங்கள் பெயர்’, ‘தந்தையின் பெயர்’ எனத் தலைப்பிட்டோம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பெயர்கள் பிழையின்றிப் போய்ச் சேருகின்றன.

வாடிக்கையாளர் விபரங்களைச் சேமிக்க ஹப்ஸ்பொட்டின் இலவசத் திட்டம் போதுமானது. தானாகவே அடுத்தடுத்துச் செல்லும் நினைவூட்டல் மடல்களுக்கு டொலரில் கட்டணம் உண்டு, சிறு கடைக்கு அது உடனடியாகத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்திற்கொண்டு, விளம்பர மடல்களுக்கான சம்மதத்தைப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே தனியாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.