பில் தராத பாமசியில குளிசை வாங்காதீங்க (எனக்கு 3,450 ரூபா போச்சு)

மகள் இப்பதான் கண்ணயர்ந்தாள். எனக்கு மனசு கொதிக்குது, அதான் இப்பவே எழுதுறன்.

முந்தாநாள் ராத்திரி. 18 வயசுப் பிள்ளை, பின்னேரத்திலிருந்து சத்தியும் வயித்தோட்டமும். மட்டக்களப்பு டவுனை அண்டின ஒரு பாமசி திறந்து கிடந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட தம்பி, டொக்டர்ட மருந்துத் துண்டே கேட்கல்ல. "பயப்படாதீங்கக்கா, டொக்டரும் இதத்தான் எழுதுவார். சும்மா ஏன் அங்கயும் காசக் குடுக்கிறீங்க?"

அந்த இடத்திலதான் விழுந்தன். என்ட காசை மிச்சம் பிடிக்கப் பாக்கிறானே எண்டு மனசு குளிர்ந்து போச்சு. மறுகா சத்திக்கு, வயித்துக்கு, சத்துக்கு எண்டு எடுத்து வச்சான்: 3,450 ரூபா. சத்துக் குளிசைப் போத்தல் மட்டும் 2,100! மத்ததெல்லாம் கடதாசிக் கவரில, மேல பேனையால 2-2-2 (காலை, பகல், ராவு ரெண்டு ரெண்டு). மருந்திட பேரும் இல்ல, பில்லும் இல்ல. ஜீவனி (வயித்தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) எண்டு ஒரு சொல் அவன் வாயில வரல்ல.

நேத்துப் பின்னேரம் மகளிட கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் ரெண்டும் மேல செருகி, பேச்சு வரல்ல. மாமி திருநீற்றோட ஓடி வந்தாங்க. பக்கத்து வீட்டுல பூசாரிக்குப் போன் எடுத்தாச்சு (மந்திரத்துக்குப் பேர்போன ஊர்தானே). நான் 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சன்.

பெரியாஸ்பத்திரியில டொக்டர் முதல் கேட்டதே "சத்திக்கு என்ன குளிசை குடுத்தீங்க?" எண்டுதான். வெட்டின அட்டையில பாதிப் பேர் இருந்ததால தப்பிச்சம். மெட்டோகுளோப்ரமைட். இளம் பிள்ளைகளுக்குச் சிலவேளை இப்பிடித் தசையை இழுக்குமாம். நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல கூடாதாம், அவன் எழுதின 2-2-2 கணக்குக்கு 60. ஒரு ஊசி போட்டாங்க, கொஞ்ச நேரத்தில கழுத்து நேராயிற்று. அதுக்கு ஒரு சதம் வாங்கல்ல.

இண்டைக்குக் காலையில அங்க போனன். கோட்டுத் தம்பி லீவாம். நிண்ட பொடியன், "எங்கட குளிசை எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க? பில்லக் காட்டுங்க" எண்டான். பில் தராதவனுகள் பில் கேக்கிறானுகள்! உடைக்காத போத்தலையாவது எடுங்க எண்டன். மருந்து திருப்பி எடுக்கிறதில்லையாம். முதலாளி போனில, "பிள்ளைக்கு இப்ப சுகம்தானே, மறுகா என்ன பிரச்சினை?" எண்டு கேட்டுட்டு வச்சிட்டார். 3,450 ரூபா!

என்னென்ன கவனிக்கோணும் எண்டு விரிவா எழுத நினைச்சன், மகள் எழும்பிற்றாள். துண்டில்லாம வாங்காதீங்க. கவரில மருந்திட பேரை எழுதச் சொல்லுங்க. வயித்தோட்டத்துக்கு முதல் ஜீவனி, ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணி. பில் தராட்டி 1977க்கு (பாவனையாளர் அதிகாரசபை) போன் அடிங்க.

நான் அடிச்சிற்றன். 2-2-2 எழுதின கவர் இன்னும் என்ட கையிலதான் கிடக்கு.